கிருபாமணி டீச்சரின் ஜெபச்சீட்டு

மட்டாஞ்சேரியில் கிருபாமணியை டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. மொய்துவின் சுக்குக் கிடங்கில் முறத்தோடு உட்கார்ந்து, சொத்தையையும் நல்லதையும் பிரித்துப் போடுகிற வேலைதான் அவளுக்கு, இருபத்தெட்டு வருடமாக. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தமிழ்ப் பெண்களைக் கூட்டிவைத்து ஜெபக்கூட்டம் நடத்துவதால் வந்த பட்டம் அது. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

தமிழ்ச் சபைக்கு அங்கே சொந்தக் கோயில் கிடையாது. மலையாளச் சபைக்காரர்கள் தங்கள் கோயிலை ஞாயிறு மூன்று மணிக்குமேல் திறந்துவிடுவார்கள். ஆயர் இருப்பது ஆலுவாவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பிரசவம், மாமியார் மருமகள் சண்டை என்று எது வந்தாலும் ஆட்கள் ஓடுவது கிருபாமணியிடம்தான். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது, மகள் கோயம்புத்தூரில் குடித்தனம் நடத்துகிறாள். அதனால் நேரம் இருந்தது. நேரத்தோடு மனசும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கூட்டத்துக்கு வருகிற பதினான்கு பேரும் கொச்சியிலேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். தமிழ் எழுத்தைக் காட்டினால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி விழிப்பார்கள். கிருபாமணி நாகர்கோவிலில் பத்தாவது வரை தமிழில் படித்தவள், இங்கே வந்தபின் மலையாள எழுத்தும் பழகியிருந்தாள். அதனால் அந்த வாரத்துச் சங்கீதத்தை மலையாள எழுத்தில், தமிழ்ச் சொல்லாகவே, சின்னச் சின்னச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அடுத்த மாதம் வந்தது. "யாராச்சும் ஒருத்தர் ஜெபிங்கோ" என்று அவள் சொன்னால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அந்த மௌனத்தை அவளால் கால் நிமிடம்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஜெபத்தையும் சீட்டில் எழுதிவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நடந்தது. பரீட்சைக்கு ஒரு சீட்டு, பித்தப்பைக் கல்லுக்கு ஒரு சீட்டு, துபாய் விசாவுக்கு ஒரு சீட்டு. அழகான வார்த்தைகள், ஆயரே எடுத்து வாசிக்கலாம். யாருக்குச் சீட்டு வந்ததோ அவர் எழுந்து நின்று வாசிப்பார். முடிந்ததும் மற்றவர்கள் முனகினால், "சத்தமா ஆமென் சொல்லுங்கோ" என்பாள் டீச்சர். புதிதாக வந்த ஆயர் ஒருமுறை, "பிள்ளை நடக்கணும்னா இடுப்புல இருந்து எறக்கி விடணும், டீச்சர்" என்றார். அவருக்கு இன்னும் இந்த ஊர் பிடிபடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினான்கு பேரில் கற்பகமும் ஒருத்தி. வயது அறுபத்தொன்று, கிருபாமணியைவிட ஐந்து வயது மூத்தவள். வெளியில் உள்ள சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறாள். வெளி என்பது பக்கத்து இடத்தின் பெயர். கூடத்துக்குக் கூரையும் சுவரும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தாள். வேறு பெயர் வேண்டுமா என்று அன்றைய ஆயர் கேட்டபோது, "இருக்கிற பேரே போதும், ரேஷன் கார்டுல மாத்த நடந்தே கால் தேஞ்சுபோகும்" என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷன் வெங்கிடாசலம் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவளைத் தடுக்கவும் இல்லை. முருகன் படம் மாட்டியிருந்த சுவரிலேயே அவளுடைய சிலுவைக்கும் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார்.

போன மழைக்காலத்தில் வெங்கிடாசலத்துக்குச் சிறுநீரகம் கெட்டது. எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மொய்து வெள்ளிக்கிழமை கிடங்கைத் திறப்பதில்லை. அன்றைக்குக் கிருபாமணி உபவாசம் இருப்பாள். மூன்று மணிவரை போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவாள். கர்த்தரோடு பேசும்போது மனிதர் குறுக்கே வரக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அந்த வெள்ளிக்கிழமை வெங்கிடாசலத்துக்காகவே அரைமணி நேரம் முழங்காலில் நின்றாள். மூன்று மணிக்குப் போனைத் திறந்தால், கற்பகத்தின் அழைப்புகள் பதினொன்று வந்து கிடந்தன. அவள் திரும்பக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான்காம் நாள் துக்கம் விசாரிக்கப் போனாள். கற்பகம் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல அவருக்கு நல்ல நினைவு இருந்தது, டீச்சரே. 'உன் ஆண்டவர்ட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லு கற்பகம்'னு கேட்டாரு. இத்தன வருஷத்துல ஒரு தடவ கேட்டதில்ல."

"நீங்க என்ன செஞ்சீங்க, அக்கா?"

"உங்களுக்குப் போன் அடிச்சேன். கிட்டல. பின்ன பையில பாத்தேன். மாதுரி வீட்டுப் பால்காய்ச்சலுக்கு நீங்க எழுதின சீட்டு கெடந்தது. அத வாசிச்சேன்."

கிருபாமணி சாயாவைக் கீழே வைத்தாள். கூட்டத்துக்கு வருகிற மாதுரி புது வீடு குடிபோனதற்கு எழுதிய அந்தச் சீட்டு அவளுக்கு மனப்பாடம். புது வீட்டின் வாசலையும் அடுக்களையையும் ஆசீர்வதித்தருளும், கிணற்று நீர் வற்றாதிருக்கக் கிருபை செய்யும் என்று எழுதியிருந்தாள்.

"முழுசுமா?"

"முழுசும். பாதியில நிறுத்தப்படாதுல்ல. அவரு கண்ண மூடிக் கேட்டாரு. நல்லாருக்குன்னு சொன்னாரு. ரெண்டரைக்குப் போயிட்டாரு." கற்பகம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சீட்டு இருந்ததால தப்பிச்சேன். இல்லேன்னா நான் என்ன சொல்லியிருப்பேன்? இனிமே சாவுக்கும் ஒண்ணு எழுதித் தாங்கோ, டீச்சரே. பையில கெடக்கட்டும்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. திட்டியிருந்தால் கிருபாமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷன் சாகும்போது ஒரு வார்த்தை கேட்டான். கற்பகத்துக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று. தான் கொடுத்துக் கொடுத்தே அதை இல்லாமல் ஆக்கியதாகக் கிருபாமணிக்குப் பட்டது. வெட்கத்தில் அவள் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய் அவள் கையில் சீட்டு இல்லை. "இனி சங்கீதத்துக்கு மட்டுந்தான் எழுதுவேன். ஜெபம் அவங்கவங்க வாயால" என்றாள். பதினான்கில் அன்று வந்திருந்தது பதின்மூன்று, கற்பகம் வரவில்லை. பதின்மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் மாதுரி, "எனக்குப் பேசத் தெரியாது டீச்சர், தப்பாப் போச்சுன்னா?" என்றாள். அன்றைய கூட்டம் சங்கீதத்தோடு முடிந்தது.

மூன்றாம் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், நான்காம் வாரம் ஐந்து பேர். டீச்சருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரில் பேச்சு. கற்பகம் நான்கு வாரமும் வரவில்லை. கேட்ட சீட்டைக் கொடுக்காததால்தான் அவள் வரவில்லை என்று கிருபாமணி கணக்குப் போட்டாள். மற்றவர்கள் போனது வருத்தம். கற்பகம் போனதை அவளால் தாங்க முடியவில்லை. முருகனிடமிருந்து வந்தவள், இந்தத் துக்கத்தோடு விசுவாசத்தையும் விட்டுவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில் விழும்? வைராக்கியம் எல்லாம் ஒரு மாதந்தான் நின்றது. ஒரு வியாழக்கிழமை காலை உட்கார்ந்து, புருஷனை இழந்தவள் சொல்லவேண்டிய ஜெபத்தை எழுதினாள். நான்கு தடவை திருத்தினாள். அவள் எழுதியதிலேயே நல்ல சீட்டு அதுதான். பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு, கிடங்குக்கு அரைநாள் லீவு சொல்லி அதை எடுத்துப் போனாள்.

சலவைக்கூடத்தில் கற்பகம் ஏதோ ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கி, நின்றபடியே வாசித்தாள். பிறகு அதை மடித்துத் தேய்த்த விரிப்புகளின் மேல் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் இதில இல்ல, டீச்சரே."

"நீங்க கேட்டீங்களே அக்கா. தரலேன்னுதானே கூட்டத்துக்கு வரல?"

"சீட்டுக்கா வராம இருந்தேன்?" கற்பகம் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சரி, உங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்கோ. இன்னைக்கு நான் சொல்றேன், ஆண்டவர்ட்ட."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கிருபாமணியிடம் கேட்டதில்லை. எத்தனையோ பேருக்குத் தேவையானதை எழுதிக் கொடுத்தவளுக்குத் தன் தேவையைச் சொல்ல வாய் வரவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது வேறு எதுவுமில்லை, "அன்னைக்கு நான் போனை அணைச்சு வச்சிருந்தேன், அக்கா" என்பதுதான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கற்பகம் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"கர்த்தாவே, டீச்சர் அன்னைக்குப் போன் எடுக்கல. வேணும்னு செஞ்சதில்ல. அவங்களும் உம்ம முன்னால முட்டுகுத்தி ஜெபத்துலதான் இருந்திருக்காங்க, உமக்குத் தெரியும். எனக்குப் பயங்கர கோபம் இருந்தது. அதான் கூட்டத்துக்குப் போகல. அவரு போகும்போது நான் வேற யாரோட வீட்டுக் கெணத்தப் பத்தி வாசிச்சிட்டு நின்னேன், அது என் நெஞ்ச விட்டுப் போக மாட்டேங்குது. கோபம் இப்போ கொறச்சு கொறஞ்சிருக்கு. மீதியும் நீரே எடுத்துக்கோ. டீச்சருக்கு நல்லா ஒறக்கம் குடு. அவரு அங்க வந்தா, நல்ல மனுஷன்தான், பாத்துக்கோ."

அதில் 'நீர்' பாதியும் 'நீ' பாதியும் கலந்திருந்தது. துதி இல்லை, நன்றி இல்லை, முடிவில் இயேசுவின் நாமம்கூட இல்லை. வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் நாலு இடத்தில் திருத்தியிருப்பாள். இப்போது முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அடுத்து ஒன்று சொல்ல வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

கற்பகம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"டீச்சரே, ஆமென் சொல்லுங்கோ."

கிருபாமணி சொன்னாள்.