குழாயடிச் சண்டை

என் சித்தப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவர் நிருபர். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. தையல் மிஷினை நிறுத்தாமலே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி சொல்லுவார். அங்கே எழுதிக்கொள்வார்கள். மறுநாள் அதை வாசித்துக் காட்டுவது என் வேலை. வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான் ஒருவன்தான். செய்தியின் தலையில் ‘நமது நிருபர்’ என்றிருக்கும். அதை வாசித்ததும் சித்தப்பா, “நாந்தாம்ல அது” என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

“ஆமா, பேரில்லாத பெரிய மனுசன்” என்பாள் அம்மா.

அந்த வருஷம் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம். எங்கள் சந்தில் வீட்டுக்கொரு பிள்ளை வயிற்றுப்போக்கில் கிடந்தது. காண்டிராக்டர் புதுக் குழாயைச் சாக்கடைக்குள்ளேயே பதித்திருந்தார். சித்தப்பா அதைப் போனில் படம் பிடித்தபோது காண்டிராக்டரின் ஆட்கள் வந்து அடித்தார்கள். போன் சாக்கடைக்குள் போயிற்று. சித்தப்பாவின் முன்பற்களும் போயின.

ஸ்டேஷனுக்கு அம்மாவும் நானும் கூடப் போனோம். ஹவல்தார் ரத்தம் பட்ட சட்டையைப் பார்க்கவில்லை, நிருபர் கார்டைக் கேட்டார். கார்டு ஏது? பத்திரிகை ஆபீசுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவர் எப்போதாவது தகவல் சொல்வார், எங்கள் ஆள் இல்லை என்றது மறுமுனை. தினமும் “சொல்லுங்க அண்ணாச்சி” என்கிற அதே குரல்.

ஹவல்தார் சிரித்தார். எழுதத் தெரியாதவன் ரிப்போர்ட்டரா என்று இந்தியில் கேட்டார். தண்ணீர் பிடிப்பதில் இரு தரப்புக்கும் கைகலப்பு என்று என்சி எழுதினார். என்சி என்றால் புகார் தாளில் கிடக்கும், விசாரணை வராது.

“குழாயடிச் சண்டையா? அவன் கையில குடமா வச்சிருந்தான்? போன்லா வச்சிருந்தான்!” என்று அம்மா கத்தினாள். தமிழில் கத்தினாள். ஹவல்தார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பத்திரிகையாளரைத் தாக்கினால் தண்டிக்க இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. இப்போது அதை வரிவரியாகப் படித்திருக்கிறேன். அதற்குள் நுழைய, யாராவது ‘இவர் எங்கள் ஆள்’ என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். செய்தி கேட்க வாய் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வாய் இல்லை. அடித்தவர்களையாவது ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ, அந்தக் குரலை மாட்டேன்.

மறுநாள் பத்திரிகையை விரித்தேன். மூலையில் மூன்று வரி. ‘குழாயடிச் சண்டை: ஒருவர் காயம்.’ உள்ளே சித்தப்பாவின் பெயர், இனிஷியலோடு. தண்ணீர் நாற்றத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது அன்று என் கண்ணில் படவே இல்லை.

“சித்தப்பா, ஒங்க பேரு வந்துட்டு!” என்று குதித்தேன். தலைப்பிலிருந்து உரக்க வாசித்தேன். வழக்கம்போலவே ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தது. அங்கே நிறுத்தி, அவர் சொல்வாரென்று காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பல் போனதால் பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.