ஆறடி ஐந்தங்குலம்

தாபுகான் ஊர்க் கூடைப்பந்து மைதானத்தின் இடதுபக்கத் தூணில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. பக்கத்தில் 'டெலியோ மக்பானுவா, 6 அடி 5 அங்குலம்' என்று எழுதியிருக்கும். டெலியோ மணிலாவுக்குப் போய்த் தொழில்முறை ஆட்டக்காரனான வருடம் ஊர்த்தலைவர் துப்பாஸ் அதைப் போட வைத்தார். அவனை நிறுத்தி அளந்து போட்டதல்ல, செய்தித்தாளைப் பார்த்துப் போட்டது.

அவன் உண்மையில் ஆறடி மூன்று. கல்லூரி அணியில் சேர்த்த பயிற்சியாளர் இரண்டு அங்குலம் கூட்டி எழுதினார். எல்லாப் பயிற்சியாளரும் கூட்டித்தான் எழுதுவார்கள். உள்ளதை எழுதினால் படிக்கிறவர்கள் அதிலிருந்தும் இரண்டைக் கழித்துவிடுவார்கள். டெலியோவின் கெட்ட காலம், அவனை வாங்கிய நூடுல்ஸ் கம்பெனி அணி காகிதத்தை நம்பிவிட்டது.

தூரத்தில் நின்று பந்தை வளையத்தில் இறக்குவதில் அவனுக்கு நல்ல கை. ஆறடி மூன்றுக்காரனுக்கு அதுதான் வேலை. ஆறடி ஐந்துக்காரன் வளையத்தின் கீழே நின்று தடியர்களோடு முட்ட வேண்டும். ஒன்பது வருடம் முட்டினான்.

"சார், நான் வெளியே நின்னு போடறேனே" என்று ஒருமுறை கேட்டானாம்.

"ஏன், உன் உயரத்துக்கு என்ன குறைச்சல்?" என்றாராம் பயிற்சியாளர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் குழந்தைகள் உயரமாக வளர்வதற்கான வைட்டமின் விளம்பரத்தில் நிற்க ஒப்புக்கொண்டிருந்தான்.

முழங்கால்கள் போயின. நூடுல்ஸ் கம்பெனி அவனைப் பெயிண்ட் கம்பெனிக்குக் கொடுத்தது, பெயிண்ட் கம்பெனி நாய்த்தீனிக் கம்பெனிக்குக் கொடுத்தது. போன இடமெல்லாம் பெஞ்சில் உட்காரும் நேரம் கூடியது. பீர் வந்தது, சேவல் சண்டை வந்தது. ஒரு நடுவரை அறைந்ததில் ஒரு பருவம் முழுக்க ஆடத் தடை. மனைவி மாரிசெல் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கடிதத்தை முதலில் நிறுத்தியது யார் என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. முப்பத்தெட்டு வயதில் இரண்டு சேவலோடும் கட்டுப் போட்ட முழங்காலோடும் திரும்பினான். நன்றாகத்தான் வரவேற்றோம். இப்படி ஆகும் என்று முன்பே தெரியும் என ஆளுக்கொருமுறை அவனிடம் சொன்னோம்.

அந்த வருடத் திருவிழாப் போட்டிக்குப் புது விதி வந்தது. ஆறடி நான்குக்கு மேல் இருப்பவர் ஆடக் கூடாது. போன முறை புலாக் ஊர்க்காரர்கள் எங்கிருந்தோ ஒரு ஏழடி ஆளைப் பிடித்து வந்ததன் விளைவு. டெலியோவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முட்டுவதற்குத் தடியர்களே இல்லாத ஆட்டத்தில் அவனை வளையத்தின் கீழே நிறுத்த வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒருமுறை வெளியே நின்று ஆடலாம். மைதானத்தில் நெல் காயப்போடும் முன், விடிகாலையில் செருப்புக்காலோடு பழகினான். பத்துக்கு எட்டு விழுந்தது.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு ஒன்பது வருஷம் முட்டிக்கிட்டு இருந்திருக்கான் பாரு" என்றார் துப்பாஸ்.

ஆட்டத்தன்று புலாக் அணி மேலாளர் பாலியோன் நேராகத் தூணுக்குப் போனார்.

"தலைவரே, உங்க ஊர்த் தூணே ஆறடி அஞ்சுன்னு சொல்லுது. இவன் எப்படி ஆடுவான்?"

"அது சும்மா பெயிண்ட்டுய்யா."

"அப்ப அளந்துடுவோம்."

ஊரில் நம்பக்கூடிய அளவுநாடா சவப்பெட்டி செய்யும் புளோரென்சியோவிடம் மட்டுமே இருந்தது. கூப்பிட்டு அனுப்பினோம்.

"படுத்தவங்களை அளந்துதான் பழக்கம். அவங்க யாரும் எம்பி நின்னதில்லை" என்றபடி வந்தார்.

துப்பாஸ் டெலியோவின் காதருகே போனார். நான் ஸ்கோர் மேசையில் இருந்ததால் கேட்டது.

"டேய், குதிகாலைத் தரையில வை. அஞ்சு நிமிஷம் நெஜ உயரத்துல இரு. கப்பு நம்மளது."

டெலியோ தூணில் முதுகைச் சாய்த்தான். கோடு தலைக்கு மேலே தனியாக நின்றது. கூட்டம் அதையே பார்த்தது.

"தம்பி, குதிகால்" என்றார் புளோரென்சியோ.

"பழக்கதோஷம்ணே." இறக்கினான்.

நாடா முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது.

"அளக்கவே வேணாம் போல இருக்கே. ஏம்ப்பா, எம் பசங்களுக்கு நாலு வருஷம் அந்த வைட்டமினை ஊத்தினேன். முதல்ல நீ ரெண்டு பாட்டில் குடிச்சிருக்கக் கூடாது?" என்றார் பாலியோன்.

மைதானமே சிரித்தது. எங்கள் பக்கமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

டெலியோ நாடாவைப் பிடித்து மெதுவாக விலக்கினான்.

"அளக்காதீங்கண்ணே. ஆறடி அஞ்சுதான்."

"நெஜமாவா?"

"பேப்பர்லயே போட்டிருக்கான்."

துப்பாஸ் தலையில் கைவைத்தார். புளோரென்சியோ நாடாவைச் சுருட்டினார். "பரவாயில்லை. என்கிட்ட ஒருநாள் வராமலா போயிடுவே" என்றார்.

இருபத்தாறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். சீருடையைக் கழற்றாமல் டெலியோ என் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தான். பையன்கள் வெளியிலிருந்து போட்டுத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் அவன் வலது மணிக்கட்டு தானாக மடங்கியது. கலைந்து போகும்போது, "நம்ம ஆறடி அஞ்சு மட்டும் எறங்கியிருந்தா" என்று பேசிக்கொண்டார்கள். சிரித்தவர்களேதான்.

அடுத்த வாரம் மங்கிப்போன கோட்டுக்கு மறுபூச்சு அடிக்கச் சொன்னார் துப்பாஸ். டெலியோவே தூரிகையை வாங்கிக்கொண்டான். கை எளிதாக எட்டும் உயரம்தான். ஆனாலும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு அடித்தான்.