முரசுமோட்டையில் அரை மைல் சைக்கிள் பாதை

போன மாசி மாதம் முரசுமோட்டைக்குப் போய் மூன்று நாள் தங்கினேன். எனக்கு யாழ்ப்பாணத்தில் வீதி வேலைக் கந்தோரில் படம் வரையும் உத்தியோகம். கிளிநொச்சிச் சந்தையிலிருந்து பரந்தன் வழியாக முரசுமோட்டை வரை ஐந்து மைலுக்கு, வீதியோரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை ஒதுக்கலாம் என்று ஒரு படம் வரைந்திருந்தேன். கந்தோரில் அது பெரிய பகிடி. "மாட்டு வண்டிலுக்கும் ஒண்டு கீறுமன்" என்றார்கள். எங்கள் இஞ்சினியர் மட்டும், அரை மைலுக்கு அடையாளம் வைத்துக் காட்டு, சரியில்லாவிட்டால் படத்தைச் சுருட்டி வைத்துவிடு என்றார்.

ரயில் காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குப் பரந்தனில் நின்றது. மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரூபா எழுபது சதம், சைக்கிளுக்கு வேறாக அறுபது சதம். இறங்கியவுடன் சைக்கிளின் காற்றைப் பாருங்கள். எனக்குப் பின்சில்லில் காற்றே இல்லை. சந்தியில் பம்ப் கேட்டு அடித்துக்கொண்டு, முல்லைத்தீவுத் தெருவில் கிழக்கே இரண்டு மைல் மிதித்தேன். அதற்குள் மூன்று மர லொறிகள் என்னைப் புல்லுக்குள் இறக்கிவிட்டன. கந்தோரில் சிரித்தவர்களில் ஒருவரையாவது கூட்டி வந்திருக்கலாம்.

தங்கியது கந்தையா அண்ணை வீட்டில். ஐம்பத்திரண்டில் காணி கிடைத்து, சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடமாக வயல் செய்பவர். மகள் பூமணிக்குப் பதின்மூன்று வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு இல்லை. கிளிநொச்சியில் இடம் கிடைத்திருந்தது. காலை பஸ்ஸோ மணியடித்த பிறகுதான் போய்ச் சேரும். அவளுடைய சித்தப்பா ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்.

"இந்த லொறியளுக்குள்ளை பொம்பிளைப் பிள்ளையை நான் விடமாட்டன், தம்பி" என்றார் கந்தையா அண்ணை. "உம்மடை பாதை வந்தாப் போகட்டும். வராட்டி வீட்டிலை நிக்கட்டும்."

பூமணி சோறு போட வந்தபோது, "வந்திடும்தானே, அண்ணை?" என்று மட்டும் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது.

அடுத்த நாள் இரண்டு கூலியாட்களோடு, தாரின் விளிம்பிலிருந்து நாலு அடி உள்ளே தள்ளி, பத்து அடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு பூசிய கற்களை வைத்தோம். மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. நானே சொல்லக்கூடாது, வடிவாக இருந்தது.

மூன்றாம் நாள் இஞ்சினியர் ஒன்பதரைக்கு வருவதாக ஏற்பாடு. எட்டரைக்குப் போய்ப் பார்க்கிறேன், அரை மைலும் நெல். அறுவடைக் காலத்தில் தார் வீதியில் நெல் காயப்போடுவது அங்கே வழமை. தெரிந்திருந்தும் புத்தியில் படவில்லையே என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். கல்லைத் தாண்டி ஒரு மணி சிந்தாமல் விரித்திருந்தார்கள். குடும்பத்துக்குப் பத்துக் கல் என்று பங்கும் பிரித்தாயிற்று. முதல் பங்கு கந்தையா அண்ணையுடையது.

"என்ன அண்ணை இது?"

"இஞ்சினியர் வந்து பாத்து ஓம் எண்டாப் பிறகுதானே பாதை" என்றார், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல். "அதுவரைக்கும் சும்மா கிடக்கிற இடம்தானே."

இஞ்சினியருக்கு ஓடிக் காட்டவென்று, பூமணி வெள்ளைச் சட்டையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நெல்லையும் ஒரு மணித்தியாலத்துக்குள் யார் அள்ளுவது?

ஜீப் பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டது. இஞ்சினியர் இறங்கி, குனிந்து நெல்லைப் பார்த்தபடி கொஞ்சத் தூரம் நடந்தார்.

"எப்ப விரிச்சது?"

"விடிய ஆறு மணிக்கு, ஐயா" என்றார் கந்தையா அண்ணை.

"இதுக்குள்ளை எத்தினை லொறி போயிருக்கும்?"

"ஒரு பதினைஞ்சு போயிருக்கும்."

"மற்ற நாளிலை நெல்லிலை ஏறுறேல்லையோ?"

"ஏறாமல் என்ன, ஐயா. விளிம்பிலை போட்டாலும் ஏறித்தான் போவாங்கள்."

இஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "காகத்தின்ரை கால் தடம் கிடக்கு, ஆட்டின்ரை கால் தடம் கிடக்கு. ஒரு லொறிச் சில்லுத் தடம் இல்லை. உம்மடை கல்லுக்கு அவங்கள் மதிப்புக் குடுக்கிறாங்கள். மிச்சம் நாலரை மைலுக்கும் கல்லை வையும்."

ஜீப் போனதும், கந்தையா அண்ணை நெல் தள்ளும் பலகையை எடுத்தார். நெல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு சைக்கிள் போகும் அளவுக்கு வழி திறந்துகொண்டே போனார். "வா பிள்ளை, பின்னாலை ஓடி வா" என்றார். பூமணி மெல்ல மிதித்தாள். அவருடைய பங்கு முடிந்த இடத்தில் அடுத்த வீட்டுக்காரர் தன் பலகையோடு நின்றார்.

மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் நெல்லுக்கு நடுவே உள்ள வழியால் ஓடுங்கள். செருப்புக் காலை நெல்லில் வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் மோர் தருவார்கள். காலை ஏழு மணிக்குள் வெள்ளைச் சட்டைப் பிள்ளை ஒருத்தி எதிரே வந்தால், நீங்கள் இறங்கி வழி விடுங்கள். அவளுக்கு இன்னும் ஐந்து மைல் இருக்கிறது.