ஈதருக்குப் பத்து, பிங்குக்கு ஒன்பது

மஞ்சள் நிறத்தில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டுக் கேபிள். மோந்து பார்த்தால் புதுச் செருப்பு வாசனை அடித்தது. எண்பதுகளின் கடைசியில், மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் அத்தை மகள் ஸ்டெல்லா மதினி, பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு லீவில் வந்தபோது, அதைக் கொண்டுவந்து அப்பாவின் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அப்பா மிஷன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சாப்பிடும்போது கேள்வி கேட்டு, பதிலுக்கு அங்கேயே மார்க் போடுவது அவர் வழக்கம். நான் என்ன முட்டி மோதினாலும் "பத்துக்கு எட்டு"தான். கம்ப்யூட்டர்களை இணைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 'ஈதர்நெட்' என்று பெயர், ஒளி செல்வதற்காக வெளியெங்கும் நிறைந்திருப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பிய ஈதரிலிருந்து வந்தது என்று மதினி சொன்னதும், அப்பா பிசைந்த சோற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு வருசா வருசம் பாடம் நடத்துறேன், அதுக்கு இம்புட்டு வாழ்வா? பத்துக்குப் பத்து, தாயி."

என்னை அவர் 'தாயி' என்று கூப்பிட்டதே இல்லை. மறுசோறு வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

எதிர்முனையில் இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர் 'பிங்'காம். அந்தப் பெயர் ஏன் என்று அப்பா கேட்க, மதினி முழித்தாள். அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு. மறுநாளே நூலகத்துக்கு ஓடி, நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் 'பிங்' என்று ஒலியனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று கேட்கும் சங்கதியைப் படித்துவந்து, தட்டு வைக்கும் முன்பே ஒப்பித்தேன்.

"பத்துக்கு ஒன்பது," என்றார் அப்பா. நான் துள்ளுவதற்குள் அந்தப் பக்கம் திரும்பி, "சரியாத்தான் சொல்றாளா தாயி?" என்று கேட்டுவிட்டார்.

"சரியாத்தான் இருக்கும் மாமா," என்றாள் மதினி, பெரிய மனசோடு. அந்தப் பெரிய மனசைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று அப்பா இல்லை, அந்த வீடும் இல்லை. கம்பியில்லாமலே ஊரெல்லாம் நெட் வருகிறது. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பாருமில்லை, மார்க் போடுவாருமில்லை. போன மாதம் மதினி போனில் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அன்னைக்கு ஒனக்குப் பத்துதான் போட்டிருக்கணுமாம். முழுசாக் குடுத்தா நின்னுருவா, ஒண்ணு கொறச்சா இன்னும் ஓடுவான்னு மாமா சொன்னாரு."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.