கல்லோடு போய் வாங்கிய டிரில் மிஷின்

எங்கள் சமையலறைச் சுவரை யாராலும் துளைக்க முடியாது என்பதில் அம்மாவுக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தச் சுவரால் கஷ்டப்பட்டதும் அம்மாதான்.

கண்டாச்சிபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவும் அப்பாவும் கல்குவாரியில் வேலை செய்த காலத்தில், உடைத்து மீந்த கருங்கற்களை எடுத்துப்போகச் சொல்லிவிடுவார்களாம். அப்படிச் சேர்த்த கல்லில் எழுந்த வீடு. சமையலறைச் சுவர் ஒன்றேகால் அடி கனம். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்து, அந்தச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே பாத்திரம் கழுவும் தொட்டி, வெளியே தண்ணீர், நடுவில் குடத்தோடு அம்மா.

போன வருடம் அம்மாவின் வலது தோள்பட்டை இறுகிப்போனது. குடமே தூக்கக் கூடாது என்றார் டாக்டர். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை உள்ளே இழுக்கப் பிளம்பரைக் கூப்பிட்டோம். இரண்டு கல்லுக்கு நடுவே சிமெண்ட் பூசிய இடமாகப் பார்த்துத்தான் துளைத்தார். நாலு விரல் ஆழத்தில் பின்னால் இருந்த கல் மறித்தது. டிரில்லில் மாட்டித் துளைக்கிற பிட்டு முனை மழுங்கி வெளியே வந்தது. "இது செவுரு இல்லம்மா, மலை. ஒடச்சாத்தான் பைப்பு போவும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இடது கையில் குடத்தைத் தூக்கிக்கொண்டே அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். ஒரு சுவரிடம் தோற்பதா? ஒரு வாரம் போனில் டிரில் மிஷின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல் சக்கரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கித் தட்டும். செங்கல்லுக்கு அது போதும். ரோட்டரி ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கும்; காற்றை அழுத்திச் சுத்தியல் மாதிரி அடிக்கும். கருங்கல்லுக்கு அதுதான் வேண்டும். ஆனால் பெயர்பெற்ற கம்பெனி மிஷின் நான் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்துக்கு எட்டாது. பெயர் தெரியாத மலிவு மிஷின்களில் எது உண்மையில் அடிக்கும் என்பதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் மூன்று கடை ஏறினேன். மூன்றிலும் பிளக்கைச் சொருகி வெறுமனே ஓட்டிக் காட்டினார்கள். காற்றில் ஓடாத மிஷின் எங்கே இருக்கிறது? கல்லில் ஓட்டிக் காட்டுங்கள் என்றால், கல்லுக்கு நாங்கள் எங்கே போவது என்றார்கள். நியாயம்தான். மறுநாள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த அதே குவாரிக் கல் ஒன்றைக் காலேஜ் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனேன். சுற்றிலும் குவாரிகள் இருக்கிற ஊர். கல்லைக் கண்டு மிரள மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. ஐந்தாறு கிலோ இருக்கும். பஸ்ஸில் மேலே வைத்தால் யார் தலையிலாவது விழும் என்று மடியிலேயே வைத்திருந்தேன். இறங்கும்போது கால் மரத்துப்போயிருந்தது.

கடைக்காரர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மிஷின் வாங்க வந்தியா, கல்லு விக்க வந்தியா?"

"இதுல ஓட்ட போடற மிஷின் எதுவோ அத வாங்கிக்கினு போக வந்தண்ணா."

முதலில் ஓர் இம்பாக்ட் டிரில்லை எடுத்து என் கையில் கொடுத்தார். கல்லில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்ததோடு சரி. எனக்குக் கையில் பலம் பத்தவில்லை என்று சொல்லி அவரே வாங்கி, உடம்பையெல்லாம் சாய்த்து அமுக்கினார். பொட்டு கொஞ்சம் பெரிதானது. ரோட்டரி ஹேமர் கேட்டேன். அதெல்லாம் காண்ட்ராக்டர்கள் வாங்குவது என்று முனகியபடி, கேள்விப்படாத பெயரில் ஒன்றை இறக்கினார். விலை எனக்கு எட்டியது. ஆனால் அவர் ஓட்டியபோது அதுவும் கடகடவென்று அதிர்ந்ததே தவிர இறங்கவில்லை. முனையிலிருந்து புகை வந்தது.

"பாத்தியா? இந்தக் கல்லுக்கு எவன் மிஷினும் ஆவாது. ஊட்டுக்குப் போம்மா," என்றார்.

பக்கத்தில் ஆணி வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கல்லைப் பையில் போடக் குனிந்தபோதுதான் மிஷினின் சுவிட்சுக்கு மேலே, சுற்றும் திசையை மாற்றுகிற சின்ன நெம்புகோலைக் கவனித்தேன். அது இடப்பக்கம் தள்ளியிருந்தது. மிஷின் இவ்வளவு நேரமும் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. கல்தூள் வெளியே வராமல் குழியிலேயே அடைத்துக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, ரிவர்ஸ்ல ஓட்டிக்கினு இருக்கீங்க."

நெம்புகோலை வலப்பக்கம் தள்ளி நானே பிடித்தேன். அமுக்கவில்லை, நேராகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். சாம்பல் நிறத் தூள் நூலாகக் கொட்டியது. ஒரு விரல் ஆழம் போனதும் நிறுத்தினேன். சிரித்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். கடைக்காரர் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜும்மா நீ?" என்றார். பதில் சொன்ன என் குரலில் இருந்த மிடுக்கு எனக்கே கேட்டது.

மிஷினுக்குப் பணம் கொடுத்ததும், பெட்டி நிறையப் பிட்டு வைத்த செட்டு ஒன்றையும் தள்ளப் பார்த்தார். வேண்டாம் என்று, குழாய் நுழையும் பருமனில் இரண்டே வாங்கினேன்: ஆரம்பிக்க ஒரு குட்டைப் பிட்டு, சுவரின் கனத்தைத் தாண்டுகிற நீளத்தில் இன்னொன்று. மோட்டாருக்குள் இருக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்று கிடைக்குமா என்று கேட்டு, அதிலும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கண்ணாடி போட்டு, மூக்கில் துணி கட்டி, வெளிப்பக்கம் பிளம்பர் விட்டுப்போன குழியிலேயே தொடங்கினேன். அரை அடியில் மிஷினின் குரல் மாறியது. பிளம்பரை மறித்த அந்தக் கல்லின் உள்பகுதி. பயந்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கல்லுடைத்த பழக்கத்தில் அம்மா பக்கத்தில் நின்று, "நல்லா அமுக்குடி, தள்ளு," என்று விரட்டினாள்.

"அடிக்கறது அதோட வேலம்மா. புடிச்சிக்கறதுதான் என் வேல. நீ உள்ள போயி எங்க வருதுன்னு பாரு."

கொஞ்சம் துளைப்பதும், பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுவதும், மிஷின் ஆறும்வரை நிற்பதுமாக உச்சிப் பொழுது வந்துவிட்டது. திடீரென்று கையில் எதிர்ப்பே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நிறுத்துடி, வந்துட்ச்சி."

பிளம்பர் வந்து, ஓட்டையைக் குனிந்து பார்த்து, எந்த ஊர் ஆள் போட்டது என்று விசாரித்தார். அம்மா என்னைக் காட்டவில்லை. "எம் பொண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

சாயங்காலம் குழாய் உள்ளே வந்துவிட்டது. அம்மா அலமாரியில் கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்துத் தொட்டியில் போட்டாள். குழாயைத் திறந்து, அத்தனையையும் மறுபடி கழுவினாள். புருவத்தில் ஒட்டிய கல்தூளைக்கூடத் துடைக்காமல் சமையலறை வாசலில் சாய்ந்து, கடைசிக் கரண்டிவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.