முதுகுக்குப் பின்னிருந்த கை

மலாயாவின் மூவார் ஊரில் எங்கள் முருகன் கோயிலுக்கு மின்விளக்கு வந்த புதிதில், அதைப் பழுதுபார்க்க ஓர் ஒயர்மேன் வருவார். ஒட்டிய கன்னம், எண்ணெய் மினுங்கும் தலை. கம்பியைத் தொடும்போதெல்லாம் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அடியார்களாகிய நாங்கள் அதை ஆணவமென்றே கொண்டோம்.

ஒரு தைப்பூச மாலையில் சந்நிதி விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. தரையெங்கும் அபிடேக நீர். மெயின் சுவிட்சை அணைக்கப் போன ஒயர்மேனைக் கோயில் தலைவர் மறித்தார்.

“பூசை நேரத்துல விளக்க அணைக்கிறதா? அபசகுனம்யா! எரியறப்பவே வேலையப் பாரு. சாமி முன்னால ஒத்தக் கையில என்ன மிடுக்கு?”

“மிடுக்கு இல்லீங்க ஐயா. ரெண்டு கையும் பட்டா கரண்டு நெஞ்சு வழியா போவும். இன்னிக்குக் காலுக்குக் கீழ ஈரம் வேற. ஒரு கைய ஒளிச்சாலும் பத்தாது லா.”

“முருகன் பாத்துக்குவான்!”

“அப்போ நீங்க ஏறுங்க. நான் ஏணியப் புடிச்சிக்கிறேன்.”

தலைவர் வழிவிட்டார்.

பல்புகள் அணைந்தன. நெய்விளக்கின் சிறு சுடரில், பல்பு வந்த நாள்முதல் நான் காணாதிருந்த முருகன் திருமுகத்தைக் கண்டேன். வேலை முடித்து இறங்கியவர், அந்த அரையிருளில் இரு கைகளையும் தலைமேல் கூப்பி நின்றார். பிறகு இடக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டார். சந்நிதி பளிச்சிட்டது. “அரோகரா!” என்று முதலில் முழங்கியவர் தலைவரே.

அந்த மனிதரின் பக்தியில் அச்சம் எவ்வளவு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. எங்கள் பக்தியில் வெளிச்சம் எவ்வளவு என்பதும்தான்.