‘வரேன்’ என்று சொன்னவள்

லாரி எடைமேடையின் மீது அந்த சுவீடன் நாட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி பயபக்தியோடு ஏறி நின்ற கணத்தில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. ஸ்ரீபெரும்புதூரில் பார்க்க ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டியதுதான். முள் அசையவே இல்லை. “தொரைக்குச் சாப்பாடு பத்தல போலகீது” என்றார் மேடைக்காரர். மொழிபெயர்த்தேன். சுவீடன் சார் குலுங்கிச் சிரித்தார். அப்போதும் முள் அசையவில்லை.

1991 என்றதும் எங்கள் ஊரைப் பற்றி எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். எனக்கு அதற்கு முன்னால், பொங்கல் கழிந்த அந்தச் சில வாரங்கள்தான். பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை, படித்த ஆங்கிலத்தை யாரிடமாவது பேசித் தீர்க்காவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அப்போதுதான் ஒரகடம் சாலையில் குழந்தைகள் இல்லம் நடத்திய சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். இல்லத்திலிருந்த ஓர் அக்காவையும் தம்பியையும் தத்தெடுக்க சுவீடனிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள், கோர்ட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள், பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். அவர் முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன்.

சாரும் மேடமும் முதலில் கற்ற தமிழ்ச் சொல் ‘வாய்தா’. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இடையில் இருந்த நாட்களை நான் நிரப்பினேன். பெருமாள் கோயில் அரை நாளில் முடிந்துவிட்டது. பிறகு ரைஸ் மில், மாட்டு ஆஸ்பத்திரி, ரேஷன் கடை வரிசை. இன்று தொழிற்சாலைகள் நிற்கும் வல்லம் வடகாலில் அன்று நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், மேடத்தையும் சேற்றில் இறக்கிவிட்டு, அவர் நட்டதை எல்லாம் பிடுங்கித் திரும்ப நட்டார்கள். நான் இல்லாத ஒருநாள் இருவரும் தபாலாபீசுக்குக் கிளம்பி, பஸ் ஏறி, சுங்குவார்சத்திரத்தில் போய் இறங்கினார்கள். தபாலாபீஸ் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் பின்தெருவில் இருந்தது. அவர்கள் திரும்பி வருவதற்குள் பால்காரர் வழியாகச் செய்தி இல்லத்துக்குப் போய்விட்டது.

அதைக் கேட்டுச் சிரிக்காதவள் அந்தப் பெரியவள் ஒருத்திதான். பதினோரு வயது. தம்பிக்கு ஏழு, அவன் முதல் நாளே சாரின் தோளில் ஏறிவிட்டான். இவளோ எட்டவே நின்றாள். வருகிறவர்கள் எல்லோரும் தன்னைத் தாண்டித் தொட்டில் அறைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள். அடுத்த வாய்தாவில் நீதிபதி அவளையே கூப்பிட்டுக் கேட்பார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவள் மாட்டேன் என்றால் தம்பியும் இல்லை. சாரும் மேடமும் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

அதனால் ஒரு மத்தியானம், எல்லோர் முன்னிலையிலும், நான் நேராகவே கேட்டுவிட்டேன். “இவங்க கூட வர்றியாம்மா?” அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “துணி ஊறுதுக்கா. வரேன்.”

போய்விட்டாள். தமிழ் தெரிந்த யாருக்கும் அதில் குழப்பமில்லை. ஆனால் சார் பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து தமிழ் கற்றவர். வா என்றால் என்ன, வரேன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். “வரேன்! வரேன்!” என்று துள்ளி எழுந்தார். மேடம் அழுதபடி சிஸ்டரைக் கட்டிக்கொண்டார். கட்டுண்ட சிஸ்டர் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து விழித்தார். வாயை மூடவே தெரியாத எனக்கு அன்று வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஜிலேபி வந்து, பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

“இன்னாத்துக்குக்கா இது?” என்று விரலை நக்கிக்கொண்டே கேட்டாள் பெரியவள்.

“நீ வரேன்னு சொன்னியாம்.”

“ஐயே! நான் துணி தொவைக்கத்தானே போனேன்! போறேன்னா சொல்லுவாங்க?”

வேறு வழியில்லாமல் சாரிடமும் மேடத்திடமும் விஷயத்தைச் சொன்னேன். சார் ஜிலேபி டப்பாவை மூடினார். மேடம் அழவில்லை. உங்கள் பாஷையில் ஒருவர் ஒரேயடியாகப் போவதென்றால் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அப்போதும் வரேன்தான் என்றேன். யோசித்துவிட்டு, அப்படியானால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்றார்.

பெரியவள் ஜிலேபியைக் கீழே வைத்துவிட்டாள். “குட்டிப் பாப்பா கெடைக்கலியா இவங்களுக்கு? பெரிய பசங்கள யாரும் கேக்க மாட்டாங்க. வூட்டு வேலைக்கான்னு கேளு.”

கேட்டேன். மேடம் முகம் சிவந்தது. பிறகு சொன்னார்: வீட்டு வேலையெல்லாம் மேடமே செய்வார், மோசமாகச் செய்வார். தங்களுக்கு வயதாகிவிட்டது, தொட்டிலைச் சுற்றி ஓடத் தெம்பில்லை. வந்த நாளிலிருந்தே தங்களோடு சண்டை போடக்கூடிய ஆட்கள்தான் வேண்டும்.

“சண்டையா?” என்று அவள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். “சரி, போடறேன். தபாலாபீசுக்கு வழி தெரியாம சுங்குவார்சத்திரத்துல போய் நின்னவங்க, எங்கள எப்படிக்கா கடல் தாண்டிக் கூட்டிகினு போவாங்க? நடுவுல எங்கனா எறக்கி வுட்டுட்டா?”

அதற்கு அவளே ஒரு வழியும் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகப் படப்பைக்குப் போக வேண்டும். ஒரகடத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அவர்களே கேட்டு, அவர்களே ஏறி, அவளையும் தம்பியையும் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவள் வாயே திறக்க மாட்டாள். அதற்குப் பிறகுதான் ஜட்ஜுக்கு என்ன சொல்வதென்று யோசிப்பாள்.

“நானும் வர்றேன்” என்றேன் ஆர்வமாக.

“நீ வராதக்கா. நீ வந்தா நீயே பேசிடுவ.”

சார் காகிதத்தில் வரைபடம் போட ஆரம்பித்தார். மேடம் கண்டக்டரிடம் கேட்கப் பழகினார். “படப்பை. நாலு டிக்கெட்.” மறுபடி, கொஞ்சம் சத்தமாக: “படப்பை. நாலு டிக்கெட்.”

“நாலு இல்ல” என்றாள் பெரியவள், வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லி ஐந்து நிமிஷம் ஆவதற்குள். “ரெண்டு முழு டிக்கெட்டு, ரெண்டு அரை டிக்கெட்டு. நாங்க ரெண்டு பேரும் இன்னும் அரை டிக்கெட்டுதான்னு சொல்லுக்கா.”

மேடம் முதலிலிருந்து தொடங்கினார்.